ஜெர்மனியிலிருந்து வந்த டேப்

குழந்தைவேலு பொய் சொல்லிப் பழகாத மனிதர். அதனால்தான் சொன்ன ஒரே பொய்யை அவ்வளவு பெரிதாகச் சொல்லித் தொலைத்தார்.

“ஜெர்மனியிலருந்து வந்த டேப்பு. எங்க பேராசிரியர் கேக்கக் குடுத்தாரு” என்றார்.

டேப் ஜெர்மனியிலிருந்தும் வரவில்லை, பேராசிரியரும் கொடுக்கவில்லை. காரைக்குடியில், செக்காலைப் பக்கம், அவர் வீட்டு மாடி அறையில் உருவானது அது. கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. அங்கே பழுதென்று ஓரங்கட்டிய ஓர் ஆசிலேட்டரை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சரிசெய்தார். ஒற்றைச் சுரத்தை விடாமல் ஒலிக்கும் கருவி அது. மூன்று மாதம் சாயங்காலம்தோறும் அதன் குமிழைத் திருகித் திருகி, ஒலிமேல் ஒலியாகப் பதிந்து, இருபது நிமிடப் பாட்டு ஒன்றைச் செய்து முடித்திருந்தார். பாட்டு என்று அவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அதில் வார்த்தையும் இல்லை, தாளமும் இல்லை.

1974இல் அந்த ஊரில் இந்த வகை இசைக்குக் கிறுக்குப் பிடித்தவர்கள் மூன்றே பேர். பேராசிரியர் உண்மையிலேயே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு டேப்களைக் கேட்டுக் கெட்டுப்போனவர்கள். மெஷின் பாட்டு என்று பேர் வைத்து, ஞாயிறு மதியம் மூவரில் ஒருவனான மருதுவின் மைக்செட் கடையில் கூடுவார்கள். கேட்பது அரை மணி, சண்டை இரண்டு மணி.

சொந்தச் சரக்கு என்று சொன்னால் உடையப்பன் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார் என்று குழந்தைவேலுவுக்குப் பயம். உடையப்பன் பூகோள வாத்தியார், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர், அந்த உரிமையில் நாக்கு நீளம். நன்றாயில்லை என்று இருவரும் சொல்லிவிட்டால் டேப்பை அழித்துவிட்டு ஆசிலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஓர் உண்மையான வார்த்தை.

புரட்டாசி மாதம், கல்யாணம் கிடையாது. மருதுவின் குழாய் ஸ்பீக்கர்கள் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. டேப் ஓடத் தொடங்கி, அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம் எழுந்ததுதான் தாமதம், மருது துள்ளி எழுந்தான்.

“எர்த்து காஞ்சு போச்சு. செத்த இருங்கண்ணே” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். எர்த் கம்பி புதைத்த குழியில் தண்ணீர் ஊற்றினால் ஆம்பிளிஃபயர் இரைச்சல் அடங்கும். மைக்செட்காரர்களுக்கு இது கைவைத்தியம். ஒரு குடம் ஊற்றினான், அடங்கவில்லை. இன்னொரு குடம் ஊற்றினான். மூன்றாவதற்குத் திரும்பியவனை உடையப்பன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அது இரைச்சல் இல்லப்பா, பாட்டே அதுதான். பேசாம கேளு.”

குழந்தைவேலுவுக்கு முகம் செத்துப்போயிற்று. மூன்று மாத உழைப்புக்குக் கிடைத்தது இரண்டு குடம் தண்ணீர்.

பத்தாவது நிமிடத்தில் சுருதி சட்டென்று இறங்கியது. பிறகு தயங்கித் தயங்கிப் பழைய இடத்துக்கு ஏறியது. கண்ணை மூடியிருந்த உடையப்பன் தொடையில் தட்டினார்.

“இந்த எறக்கம் இருக்கு பாரு, இது நம்மாளுக்கு வராது. அங்குட்டு கருங்காடுன்னு ஒரு காடு இருக்கு. பனி எறங்குறப்ப இப்புடித்தான் இருக்கும். ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்.”

குழந்தைவேலு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பாராட்டெல்லாம் உலகத்திலேயே இல்லாத ஒரு ஜெர்மன்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது. உண்மையான வார்த்தையைத் தேடி வந்தவர் தன் வாயாலேயே அதற்கு வழியடைத்துவிட்டார். மருது மட்டும் சுற்றும் ஸ்பூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டேப் முடிந்து உடையப்பன் சைக்கிளை எடுக்க வெளியே போனதும் மருது குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, அந்த எறக்கம் சாயங்காலம் ஆறு மணிதானே?”

குழந்தைவேலு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“ஆறு மணிக்கு உங்க தெரு ரைஸ் மில்லுல பெரிய மோட்டாரைப் போடுவாக. கரண்டு தொங்கும். உங்க தெருவுல கல்யாணம்னா எம் பாட்டெல்லாம் அந்நேரம் இழுத்துக்கிட்டுத்தான் பாடும். பத்து வருசமாக் கேக்குறேன். ஜெர்மனியில ஏதுண்ணே நம்ம மில்லு?”

“சொல்லிராத மருது.”

“நான் ஏன் சொல்றேன். ஆனா நீங்க கேட்டுக்கங்க. மொதப் பாதி நல்லா இருக்கு. பின்பாதியில பயந்துட்டீக. கேக்குறவுகளுக்குச் சலிச்சுப் போகுமோன்னு அவசர அவசரமா மாத்துறீக. மில்லு எறக்குன எடத்துல மட்டும் கைய எடுத்துட்டுச் சும்மா இருந்திருக்கீக. அந்த எடந்தான் பாட்டு.”

உண்மைதான். பதிந்துகொண்டிருந்த அன்று சுருதி இறங்கியபோது முதலில் பதறினார். பிறகு நிறுத்த மனம் வராமல், குமிழை விட்டுவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் செய்ததை ஒருவன் கேட்டிருக்கிறான்.

விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். உடையப்பன் சைக்கிளில் ஏறிவிட்டிருந்தார்.

“உடையப்பா, நில்லு. அது நான் செஞ்சது.”

“எது?”

“அந்த டேப்பு. எறங்குச்சே, அது பனியில்ல. எங்க தெரு ரைஸ் மில்லு.”

உடையப்பன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். காது மடல் சிவந்தது. கருங்காடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருசச் சிநேகிதம் இன்றோடு சரி என்று குழந்தைவேலு நினைத்தார். உடையப்பன் இறங்கினார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பழைய ஸ்டூலிலேயே உட்கார்ந்தார்.

“மொதல்லருந்து போடு” என்றார். “நான் இன்னும் கேக்கவே இல்ல.”