நான்கு வடிகட்டிகள்

மினாயோவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு கழுவுவாள். ஹமமட்சு ரயிலடிக்கு எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். அந்தக் கடையில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தால், ஒலி அதிர்வில் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு, துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. பழைய தொட்டியை மாற்றிப் புதிது வாங்கியபோது, தூக்கி எறியப் போன பழசை மினாயோ கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எதற்கு இந்தக் குப்பை என்று அவள் புருஷன் குனியோ முணுமுணுத்தான். அவன் முணுமுணுக்காத பொருள் அந்த வீட்டில் எது இருக்கிறது?

இந்த முறை கோபத்துக்குக் காரணமும் அவன்தான். மினாயோவின் மோட்டார் சைக்கிளை விற்க ஆள் பார்த்துவிட்டான். நானூறு சிசி, நாலு சிலிண்டர், கருநீலம். அவள் சம்பளத்தில் அவளே வாங்கி, இருபது வருஷம் அவளே ஓட்டிய வண்டி. இரண்டு வருஷமாக அதற்கு என்னவோ வந்துவிட்டது. சிக்னலில் நின்றால் இருமுகிறது, புகை நாறுகிறது. தெருக்கோடி மெக்கானிக் தொகுரா திறந்துகூடப் பார்க்காமல், கார்புரேட்டர் போய்விட்டது, புதுசும் வருவதில்லை, விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு வருஷத்துக்கொருமுறை வரும் அரசாங்கப் பரிசோதனை. சனிக்கிழமை வாங்குகிற ஆள் வருகிறான்.

"வண்டிக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு. விட்டுத் தொலையேன்," என்றான் குனியோ, சோறு மென்றுகொண்டே.

ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? மினாயோ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமை புகைச் சோதனையில் வண்டி தேறாவிட்டால் தானே சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். தேறிவிட்டால் இந்த வீட்டில் யாரும் வயசைப் பற்றிப் பேசக்கூடாது என்றாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசலில் பழைய பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நாலு கார்புரேட்டரையும் கழற்றினாள். இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு சமையலறைக்குப் போய்த் தேநீர் வடிகட்டிகள் நாலை எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டினாள். முதல் கார்புரேட்டரின் திருகு, ஊசி, பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டைக் குழலான ஜெட் எல்லாம் முதல் வடிகட்டியில். இரண்டாவதன் சாமான் இரண்டாவதில். குனியோ வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது, ஒரே கிண்ணத்தில் கொட்டி அலசினால் அரை மணியில் முடிகிற வேலை என்றான்.

மினாயோ அடுத்த திருகைக் கழற்றி அதன் வடிகட்டியில் போட்டாள். கடையில் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே சட்டம் அது: பெயர் இல்லாத தட்டில் கண்ணாடியை வைக்காதே. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கண்ணாடி மாறிப்போனால், இரண்டு பேருக்கும் தலைவலி வரும். யாருக்கும் காரணம் தெரியாது.

ரப்பர் பாகங்களைத் தனியே எடுத்து வைத்தாள். தொட்டியில் வெதுவெதுப்பான நீர், அளந்து ஊற்றிய சோப்பு. அலுமினியத்தைக் கறுப்பாக்கும் காரமான திரவம் எதையும் கிட்டே விடவில்லை. முதலில் தொட்டியைச் சோதிக்க ஒரு துண்டு அலுமினியத் தாளைத் தொங்கவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். தொட்டி கீச்சென்று இரைந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நிமிஷம் கழித்துத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், எங்கும் ஒரே சீராகப் பொடிப் பொடி ஓட்டை. தொட்டி கிழடாக இருந்தாலும் வேலையில் கில்லாடி.

பிறகு வடிகட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஜெட்டின் தலைமுடி நுழையாத ஓட்டையிலிருந்து பழுப்பாக ஓர் இழை கிளம்பித் தண்ணீரில் கலைந்தது. வருஷக்கணக்கான அழுக்கு. தண்ணீரை மூன்று முறை மாற்றினாள். கார்புரேட்டர் உடம்புகள் ஒவ்வொன்றாகக் குளித்து எழுந்தபோது, கடையிலிருந்து எடுத்துவந்ததைப் போலப் பளபளத்தன. தொகுரா போய்விட்டது என்று சொன்னாரே, வந்து பார்க்கட்டும்.

துடைத்த ஜெட்டுகளை மாட்டுவதற்கு முன் கண்ணாடிக் கடைப் பழக்கத்தில் உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டாள். அழுக்கு போனதில் எள்ளளவு எண்கள் தெரிந்தன. முதல் வடிகட்டியில் முப்பத்தெட்டு. இரண்டாவதில் முப்பத்தெட்டு. மூன்றாவதில் முப்பத்தைந்து. நாலாவதிலும் முப்பத்தைந்து. வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். ஓரத்துச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் முப்பத்தைந்து, நடுவில் இருக்கும் இரண்டுக்கும் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. ஒன்றும் மூன்றும் இடம் மாறிக் கிடந்தன.

வண்டிக்கு வயசே ஆகவில்லை. யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பரிசோதனைக்குக் கொண்டுபோகும் பராமரிப்புப் பதிவேட்டில், வேலை பார்த்தவர் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து புருஷன் முன்னால் நீட்டினாள். 'கார்புரேட்டர் சுத்தம் செய்யப்பட்டது.' கட்டத்தில் அழகான கையெழுத்தில் குனியோவின் பெயர்.

"அன்னைக்கு எதுல போட்டு அலசுனீங்க?" என்று கேட்டாள்.

குனியோ பதிவேட்டைப் பார்த்தான், வடிகட்டிகளைப் பார்த்தான், நாய் குரைக்கும் திசையைப் பார்த்தான். "அரிசி கழுவுற கிண்ணத்துல," என்றான் மெல்ல. "நாலையும் ஒண்ணாத்தான் கொட்டினேன்."

மினாயோ ஜெட்டுகளை அதனதன் இடத்தில் மாட்டினாள். சாயங்காலம் பொத்தானைத் தட்டியதும் வண்டி பிடித்துக்கொண்டு ஒரே சுருதியில் ஓடியது. இருமல் இல்லை. இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்ரோல் நெடி என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பரிசோதனைப் பாதையில் வண்டியை நிறுத்தினாள். குனியோ பாதி நாள் விடுப்புப் போட்டு, பஸ் பிடித்து வந்து, வேலிக்கு வெளியே நின்றிருந்தான். புகைக்குழாயில் புகையை அளக்கும் கம்பியைச் செருகினாள். முடிவு காட்டும் பலகையில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வட்டம் விழுந்தது. வட்டம் என்றால் தேறிவிட்டது.

கவுண்டரில் இருந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, வேலை பார்த்தவர் பெயர் காலியாக இருக்கிறதே, எந்தக் கடை என்று கேட்டார்.

மினாயோ பேனாவை வாங்கித் தன் பெயரை முழுசாக, கட்டம் நிறைய எழுதினாள். அதிகாரி புகைச் சோதனை எண்களை இன்னொரு முறை பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கு. நீங்களேவா செஞ்சீங்க?" என்றார்.

"நானேதான்," என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இந்த வாரம் முழுக்கக் காத்திருந்தாள் போலிருந்தது.

வெளியே வந்ததும் குனியோ முதல் வேலையாகப் போனை எடுத்து, வாங்க இருந்தவனிடம் மன்னிப்புக் கேட்டான். வண்டி விற்பனைக்கு இல்லை, என் மனைவி சரி செய்துவிட்டாள் என்று இரண்டு முறை சொன்னான். இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். பிறகு பதிவேட்டை வாங்கி, இரண்டு பெயரையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போன தடவை போட்ட என் பேரை அடிச்சிடேன்," என்றான்.

"இருக்கட்டும்," என்றாள் மினாயோ. "பேர் இருந்ததாலதானே யாருன்னு தெரிஞ்சுது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பினான். அவள் ஓட்டும் வண்டியில் அவன் இந்த இருபது வருஷத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆம்பளை பின்னால் உட்காருவதா என்பான். மினாயோ பெட்டியைத் திறந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள். காலையில் கிளம்பும்போதே அதை எடுத்து வைத்திருந்தாள்.

குனியோ அதை வாங்கி மாட்டிக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தான்.