குறுக்குத் தையல்

விடிவதற்கு முன்பே எங்கள் ஷெட்டில் நைலான் கருகும் நாற்றம் ஏறிவிடும். பட்டையைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் பிரிந்துவிடும். பழுக்கக் காய்ந்த தகட்டில் வைத்து அழுத்தி, உருக்கித்தான் வெட்ட வேண்டும். அந்தத் தகட்டு வேலை என்னுடையது. என் விரல் நுனிகளில் ரேகை என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டேன். புகை தொண்டையில் இறங்கி இருமல் கிளம்பினால், "கச்சேரி ஆரம்பிச்சாச்சு" என்பாள் எதிர் மிஷினில் இருக்கும் குள்ளச்சி. இருமலுக்கு நடுவில் நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

நாங்கள் தைப்பது மின்வாரியத்துக்குப் போகும் இடுப்பு பெல்ட். கம்பம் ஏறுகிறவர் அதை இடுப்பில் பூட்டி, கம்பத்தைச் சுற்றிக் கொக்கியை மாட்டி, இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து வேலை பார்ப்பார். அப்போது அவர் உயிர் கொக்கி வளையத்தைப் பிடித்திருக்கும் உள்ளங்கை அகலத் தையலில் இருக்கிறது. வளையத்தை நுழைத்து, பட்டையை மடித்து, சுற்றிலும் சதுரமாக ஒரு கட்டத் தையல். அந்தச் சதுரத்துக்குள்ளே மூலைக்கு மூலை குறுக்குத் தையல். "கட்டம் கண்ணுக்கு, குறுக்கு உயிருக்கு" என்பாள் பெரியக்கா.

பெரியக்காவுக்கு வயசு ஒன்றும் அதிகமில்லை. ஷெட்டுக்கு முதலில் வந்தவள், அதனால் பெரியக்கா. டெண்டருக்கு அனுப்பும் சாம்பிள் பெல்ட்டை எப்போதும் அவள்தான் தைப்பாள். மின்வாரியத்தின் சரக்குக் கிடங்கு முற்றத்தில் அதைத் தொங்கவிட்டு, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிச் சோதிப்பார்கள். பெரியக்காவின் தையல் ஒரு நூல்கூட விட்டதில்லை. அவளுடைய தம்பியே கம்பம் ஏறுகிறவன். மூட்டை தூக்கிக் கட்டும் ஆட்களில் அவனும் ஒருவன். "எங்க அக்கா தச்சது, லாரியையே கட்டித் தூக்கலாம்" என்று முற்றம் முழுக்கப் பீற்றிக்கொள்வானாம்.

அப்புறம் சீர்திருத்தம் வந்தது. முன்பெல்லாம் டெண்டருக்கு மேசைமேல் ஒரு கவர், மேசைக்கு அடியில் ஒரு கவர். இனி எல்லாம் கம்ப்யூட்டரில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களுக்கே என்றார்கள். நல்ல காரியம்தானே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். போட்டி நடந்த அன்று முதலாளி கண்ணாடி அறையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே பட்டனை அமுக்கினார். எவனோ குறைத்தான், இவர் இன்னும் குறைத்தார். மிஷினை ஓட்டிக்கொண்டே வேடிக்கை பார்த்தோம். குறைவது எங்கள் கூலி என்று அப்போது தெரியவில்லை.

அடிமாட்டு விலைக்கு டெண்டர் கிடைத்தது. மறுநாளே பெல்ட்டுக்கு இவ்வளவு என்றிருந்த கூலி இறங்கியது. கூடவே மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார்.

"இனிமே குறுக்கு வேணாம். கட்டம் மட்டும் போட்டாப் போதும். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்."

"சாம்பிள்ல இருக்கே மேஸ்திரி?" என்றாள் பெரியக்கா.

"சாம்பிள் சாம்பிள், சரக்கு சரக்கு."

முணுமுணுத்தோம். தைத்தோம். பசிக்கிற வயிற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வாய் பேச முடியும்?

மழை விட்ட ஒரு காலையில் பெரியக்காவின் தம்பி கம்பத்திலிருந்து விழுந்தான். புது பெல்ட். வளையத்தின் தையல் ஒரு பக்கம் விட்டதும், இழுத்த இழுப்பில் மொத்தமும் பிரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவளோடு நானும் போனேன். கழுத்துக்குக் கீழே அசையாமல் படுத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"பெல்ட்டுல நம்ம ஷெட்டு முத்திரை இருந்துச்சுக்கா. உன் தையல்தானேன்னு தைரியமா சாஞ்சேன்."

பெரியக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் கண்ணைத் தாழ்த்தி அவள் கையைப் பார்த்தான்.

"என் காலையா தொடுற?" என்று கேட்டான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து சுவரில் தலையைச் சாய்த்து அழுதேன்.

அடுத்த டெண்டர் வந்தது. சாம்பிள் தைக்கச் சொல்லி நல்ல பட்டையும் தடித்த நூலும் பெரியக்காவின் மிஷினுக்கு வந்தன. அவள் தைத்து முடித்துக் கொடுத்தாள். முதலாளி வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"குறுக்கு எங்கம்மா?"

"சரக்குல எங்க இருக்கோ, அங்கதான்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"விளையாடுறியா? இது சாம்பிள்."

"மணல் மூட்டைக்கு ஒரு பெல்ட்டு, மனுஷனுக்கு ஒரு பெல்ட்டா முதலாளி?"

அவர் முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னைக் கேட்டா நான் என்ன பண்ண? நான் குறைக்கலைன்னா இன்னொருத்தன் குறைப்பான். வாங்குறவங்க பாக்குறது விலை ஒண்ணுதான். அந்தத் திரையில குறுக்குத் தையலுக்கு ஒரு பட்டன் இருக்கா, காட்டு பாக்கலாம்."

"அவங்களையும் கேக்கத்தான் போறோம். சாம்பிளை வச்சு சோதிக்காதீங்க, வந்து இறங்கின சரக்குல ஒண்ண உருவி மூட்டையைக் கட்டுங்கன்னு கேப்போம். தையல் கூலி இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு டெண்டர்லயே போடச் சொல்லுவோம். அப்போ நீங்களும் எங்க வயித்துல கைவைக்க முடியாது, அடுத்தவனும் முடியாது."

"நீங்க கேட்டு அவங்க மாத்துனா காக்கா வெள்ளையாப் பறக்கும்" என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும் பெல்ட்டை குள்ளச்சியின் மிஷின்மேல் விட்டெறிந்தார். "நீ போடு குறுக்கை."

குள்ளச்சி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு எட்டாதுங்க."

அடுத்த மிஷினில் சோடாபுட்டி. பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறவள். "எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றாள்.

கடைசியில் என்னிடம் வந்தார். "நான் வெட்டுறவ முதலாளி. சேக்கத் தெரியாது" என்றேன். வீட்டுப் பானையில் அரிசி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

"எல்லாரும் வெளிய போங்க. சாம்பிளை எதிர் ஷெட்டுல தச்சுக்கறேன்" என்றார். எங்களை வெளியேற்றிக் கதவில் பூட்டைத் தொங்கவிட்டார்.

மேஸ்திரி பட்டை உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர் ஷெட்டுப் பெண்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன டெண்டரை எங்களிடம் விட்டுவிட்டுப் பாதிப் பேர் வேலை இழந்தவர்கள் அவர்கள். இப்போது வீடு தேடி வந்த வேலையை எதற்காக விடுவார்கள்? எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கையில்லை.

பெரியக்கா அந்த ஷெட்டின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஷின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தித் தம்பியின் கதையைச் சொன்னாள்.

"நீங்க தச்சா குத்தம் சொல்ல மாட்டோம். உங்க வயிறும் வயிறுதான். ஆனா ஊசியை இறக்குறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேளுங்க. எல்லா பெல்ட்டுக்கும் குறுக்கு உண்டான்னு கேளுங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் தெருவோரத்தில் குந்தியிருந்தோம். வெயில் ஏறியது. உள்ளே மற்ற மிஷின்கள் அடங்கி, ஒரே ஒரு மிஷின் மட்டும் கனத்த பட்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா? கட்டம் போட்டு முடிந்தது. குள்ளச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஷின் நின்றது. குறுக்குப் போட மறுபடி ஓடவில்லை.

மேஸ்திரி உருளையோடு வெளியே வந்தார். அவர் பின்னால் நிறைமாதப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். பெரியக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேட்டோம்" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"சாம்பிள் சாம்பிள், சரக்கு சரக்குன்னாரு." வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரரும் கம்பம் ஏறுறவருதான்."

உள்ளேயிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் முகத்திலும் எங்கள் முகத்தில் இருந்த பயமே இருந்தது. மேஸ்திரி அதற்குள் தெருக்கோடி ஷெட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார். அதற்கு அப்பால் இன்னொன்று இருக்கும். எங்கேயாவது ஒருத்தி தைத்துவிடுவாள். பெரியக்காவின் தம்பி இனி எழுந்து நடக்கப் போவதில்லை. எங்கள் ஷெட்டின் பூட்டு நாளைக்குத் திறக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றபடி குள்ளச்சி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"கடைசி ஷெட்டுல யாரையாவது தெரியுமா?" என்றாள் பெரியக்கா.

"தெரியாது" என்றாள் நிறைமாதக்காரி.

"நடங்க, தெரிஞ்சுக்கலாம்."

மேஸ்திரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எட்டி நடை போட்டார். அவர் தோளில் உருளை கனத்தது. எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அதனால் நாங்கள் அவரைவிட வேகமாக நடந்தோம்.