பச்சை மைக் கையெழுத்து

படியில் உருண்டு விழுந்த டிரில் மெஷினைத் தூசு போகத் துடைத்து, வாங்கின கடைக்கே எடுத்துப் போனார் தச்சர். "தானா நின்னு போச்சும்மா," என்று கூசாமல் சொன்னார்.

கடைக்காரப் பெண் அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, புது மெஷினை எடுத்து வைத்தாள்.

தச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கீழ போட்டிருந்தா தந்திருக்க மாட்டீங்கல்ல?"

"அதுக்கும் தருவோம்ணே. அந்த வாரண்டிக்குத்தானே கூடக் காசு குடுத்து வாங்குறீங்க? தானா நின்னாத்தான் வம்பு. கம்பெனியில சோதிச்சு அனுப்புனவரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்துருவாங்க."

அவர் கொண்டுவந்த பழைய பெட்டியிலிருந்த சீட்டைக் காட்டினாள். 'சோதித்தவர்' என்ற இடத்தில் பச்சை மையில் கோழிக் கிறுக்கலாய் ஒரு கையெழுத்து.

தச்சர் முகத்தில் ஈயாடவில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பின்னால், அவருக்குப் பழக்கமான கொத்தனார் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விழுங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

புதுப் பெட்டியைப் பிரித்தார். மேலே ஒரு சீட்டு. அதே பச்சை மை, அதே கோழிக் கிறுக்கல்.

விசையை அழுத்தினார். மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.