திருகுத் தண்டு

பழைய வாஷிங் மெஷின் என்றால் அவருக்கு உயிர். துணியைச் சுழற்றும் நடுத்தண்டு இறக்கை வைத்ததா, திருகு வைத்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அன்று ஷெட்டில் மூன்று மெஷின்களிலும் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓடவிட்டு, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று திருகுத் தண்டு மூச்சுத் திணறுவதுபோல முனகியது.

எட்டிப் பார்த்தார். தண்ணீரில் மகளின் சிவப்பு கவுன் சுழன்றது. அவர் கண்ணை மூடும்போது காலடியில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் காணோம். மிதப்பதையெல்லாம் அடிக்கு இழுத்துவிடும் என்று ஊரெல்லாம் அவர் பெருமை பேசிய தண்டு அது. கண்ணெதிரே கவுன் உள்ளே போனது. பிளக்கைப் பிடுங்கக்கூடத் தோன்றாமல் இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். தண்டு விரல்களை அடித்தது. துழாவினார், இழுத்தார். வெறும் கவுன்தான் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் மனைவி நின்றாள். அவள் இடுப்பில், துண்டு சுற்றிய மகள். அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"கவுனைத் தோய்க்கப் போட்டுட்டு இவளா குளிக்கப் போயிருக்கா. இந்த ஷெட்டுக்குப் பக்கத்து பாத்ரூம் கதவு மாட்டிக்கிச்சு" என்றாள் மனைவி. "அப்பா அப்பான்னு கத்தினது எனக்குத் தெரு கேட்டுல கால் வைக்கும்போதே கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"