பாதி வெட்டிய தலை

கத்திரி மினோரு பொய் சொன்னால் அவனுடைய காது சிவந்துவிடும். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. அவனோடு பணம் வைத்து மாஜாங் கட்டை ஆட ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவதும் அதனால்தான். பாவம், இத்தனை வருஷம் தோற்றும் தன் காது தன்னைக் காட்டிக்கொடுப்பதை அவன் நம்பவே இல்லை.

அவன் ஊர்ப் பள்ளத்தாக்கில் ஒரு வருஷம் நெல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கிடங்கு போதாமல் கோயில் கூடத்தில் மூட்டை அடுக்கினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பிறந்த பையன்களுக்கு வைக்க, பெற்றவர்களுக்கு வேறு பெயரே தோன்றவில்லை. மினோரு என்றால் கதிர் முற்றி விளைவது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “மினோரு” என்று கூப்பிட்டால் ஐந்து பேர் எழுந்து நிற்பார்கள். அதில் மூன்று பேர் பிழைப்புத் தேடி டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு பேர். மேலத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் குராஷினா மினோரு, கீழத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹிகுமா மினோரு. குடும்பப் பெயரெல்லாம் தபால்காரருக்குத்தான். ஊருக்கு ஒருவன் கத்திரி மினோரு, இன்னொருவன் சைக்கிள் மினோரு.

மாதம் ஒரு திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை நாளில், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கத்திரி மினோரு தன் சிநேகிதனுக்கு மட்டும் முடி வெட்டுவான். பதிலுக்கு அவன் வீட்டு சைக்கிள்களுக்குப் பஞ்சர் பார்ப்பது சைக்கிள் மினோருவின் பொறுப்பு. வெட்டி முடித்ததும் இருவரும் ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு பீர் குடிப்பார்கள். இருவருக்கும் மாதத்திலேயே பிடித்த நாள் அதுதான்.

இதைக் கெடுக்க வந்தது ஊர்மன்றத் தேர்தல். மேலத்தெரு சங்கம் கூடி, ‘வாயுள்ளவன், நாலு பேரைத் தெரிந்தவன்’ என்று கத்திரி மினோருவை நிறுத்தியது. கீழத்தெரு சங்கம் சைக்கிள் மினோருவை நிறுத்தியது. அடுத்த திங்கட்கிழமை, வலப்பக்கம் வெட்டி முடித்து இடப்பக்கம் சீப்பு வைக்கும்போது பேச்சு அங்கே போய் நின்றது.

“நீ விலகிக்கடா,” என்றான் சைக்கிள் மினோரு. “உங்க தெருவுக்குப் பனி அள்ளற வண்டி விடியறதுக்குள்ள வந்துடுது. எங்க தெருவுக்கு மத்தியானம்தான். பிள்ளைங்க இடுப்பளவு பனியில பள்ளிக்கூடம் போகுதுங்க. அதைக் கேக்கத்தான் நான் நிக்கறேன். நீ எதுக்கு நிக்கறே?”

“அப்ப நான் சும்மா பவுசுக்கு நிக்கறேங்கறியா?”

“பின்ன? வாய்க்கு வேலை வேணும்னு நிக்கறே.”

கத்திரி மினோருவுக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சுருக்கென்றது. போர்த்தியிருந்த துணியை ஒரே இழுப்பில் உருவினான். “எந்திரிடா. இனிமே இந்தக் கடைப் படி ஏறாதே.”

சைக்கிள் மினோரு கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தான். வலப்பக்கம் மனுஷன், இடப்பக்கம் புதர். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனான்.

ஊரில் வேறு முடிதிருத்தும் கடை கிடையாது. பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போயிருக்கலாம், போகவில்லை. ஓட்டுக் கேட்கிறவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். இவனோ தொப்பியோடு வணங்கினான். கிழவர்கள் முகம் சுளித்தார்கள்.

“சைக்கிள்காரரோட பொண்டாட்டி தானே வெட்டிவிடறேன்னாளாம்,” என்று சாப்பிடும்போது சொன்னாள் சுமியே, கத்திரி மினோருவின் மனைவி. “கிட்ட வராதேன்னுட்டாராம்.”

“எனக்கென்ன?”

“உங்க காது சிவக்குது.”

சூப்புக் கிண்ணத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான் அவன். அந்தப் பாதித் தலை அவனைத் தூங்கவிடவில்லை. ஜெயிக்கும் ஆசைகூட நாளுக்கு நாள் வடிந்துகொண்டிருந்தது. அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தலை திரும்ப வந்து தன் நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். வாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பெரிய வாய், அதற்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டது.

கத்திரி மினோருவின் பிரச்சார வண்டியில் வெள்ளைக் கையுறை போட்ட பெண் ஒருத்தி ஒலிபெருக்கியில் “மினோரு! மினோரு!” என்று நாள் முழுக்கக் கத்தினாள்.

“குராஷினான்னு சொல்லச் சொல்லுங்க,” என்று சுமியே தலையில் அடித்துக்கொண்டாள். “நிக்கறது ரெண்டு மினோரு. வெறும் மினோருன்னு எழுதின ஓட்டு ரெண்டு பேருக்கும் பங்காப் போயிடும்.”

“குராஷினான்னா எவனுக்குத் தெரியும்? மினோருன்னாதான் ஊருக்குத் தெரியும்.”

சுமியே சொன்னது வாஸ்தவம். ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயரை நம் கையாலேயே எழுதிப் போட வேண்டும். முழுப்பெயர் எழுதினால் அது அவனுக்கு. வெறும் மினோரு என்று எழுதியவற்றை, முழுப்பெயர்ச் சீட்டு யாருக்கு எவ்வளவு விழுந்ததோ அந்த விகிதத்தில் இருவருக்கும் பங்கு பிரிப்பார்கள். கீழத்தெரு வண்டி விவரமாக “ஹிகுமா! ஹிகுமா!” என்றே கத்தியது.

கடைசி நாள் ஆற்றுப் பாலத்தில் இரண்டு வண்டிகளும் எதிரெதிரே வந்தன. எதிராளியானாலும் வாழ்த்துவதுதான் மரியாதை. “குராஷினா மினோரு அவர்களுக்கு எங்கள் வாழ்த்துகள்!” என்றது அந்த ஒலிபெருக்கி. “ஹிகுமா மினோரு அவர்களுக்கு எங்கள் வாழ்த்துகள்!” என்றது இந்த ஒலிபெருக்கி. இரண்டு மினோருக்களும் வெள்ளைக் கையுறைக் கையை ஆட்டினார்கள். ஒருவன் ஆற்றைப் பார்த்தான், மற்றவன் மலையைப் பார்த்தான். வண்டி கடக்கும் நேரத்தில் காற்று சைக்கிள் மினோருவின் தொப்பியைத் தூக்கியது. அவன் அவசரமாக அழுத்திப் பிடித்ததைக் கத்திரி மினோரு ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். இடப்பக்க முடி காதையே மூடியிருந்தது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் ஓட்டுப் போடும் தடுப்புக்குள் நின்றான். எதிரே வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தது. இரண்டு மினோருவும் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். தன் குடும்பப் பெயரை எழுதப் பென்சிலை வைத்தான், கை ஓடவில்லை. பனியில் இடுப்பளவு புதைந்து போகும் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். சிநேகிதனுக்கு எதிராக எழுதவும் மனசில்லை, தனக்குத்தானே துரோகம் செய்யவும் மனசில்லை. கடைசியில் மினோரு என்று மட்டும் எழுதி, இரண்டாக மடித்துப் பெட்டியில் போட்டான். அன்றைக்குத்தான் மனசு லேசானது.

முடிவு வந்தது. மன்றத்தின் மற்ற இடங்களை வேறு ஆட்கள் பிடித்துவிட, கடைசி நாற்காலிக்கு இரண்டு மினோருவும்தான் போட்டி. முழுப்பெயர்ச் சீட்டில் ஹிகுமாவுக்கு ஒன்றே ஒன்று அதிகம். பங்கு பிரித்ததும் ஒரு ஓட்டும் கொசுறும் வித்தியாசத்தில் சைக்கிள் மினோரு ஜெயித்தான். கத்திரி மினோரு தன் பெயரை முழுதாக எழுதியிருந்தால் இருவரும் சமம், குலுக்கல்தான் நடந்திருக்கும். சுமியே தொண்டை வறளும்வரை திட்டினாள், ஒலிபெருக்கிப் பெண்ணையும் சேர்த்து.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவன் கடைக் கதவைப் பாதி திறந்து வைத்தான். வருவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கத்திரியைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். பத்து மணிக்குத் தொப்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

“படி ஏறலாமா?”

“மன்றத்து ஆளாச்சே. ஏறாதேன்னு சொல்ல முடியுமா? வாங்க ஐயா, வாங்க.”

“டேய், ஐயாகியான்னே, அப்படியே போயிடுவேன்.”

“போய்த்தான் பாரேன், அந்தத் தலையோட.”

சைக்கிள் மினோரு உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான். இருவரும் கண்ணாடியில் அந்தத் தலையைப் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. சிரித்து ஓய்ந்ததும் கத்திரி மினோரு இடப்பக்கத்தில் சீப்பை வைத்தான், விட்ட இடத்திலிருந்து.

“ஒரே ஒரு சீட்டுடா,” என்றான் சைக்கிள் மினோரு மெல்ல. “எனக்குச் சோறே இறங்கலை. நான் என் பேரை முழுசா எழுதினேன். ஓட்டுக்கு நிக்கற எவனும் அப்படித்தானே எழுதுவான். நீ என்ன எழுதினே?”

“பின்ன ஊரான் பேரையா எழுதுவேன்? குராஷினா மினோரு. முழுசா.”

கத்திரி நாலு வெட்டு வெட்டியது. சைக்கிள் மினோரு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

“மினோரு.”

“என்னடா?”

“உன் காது.”

“தலையை ஆட்டாதே. அப்புறம் உன் காது இருக்காது,” என்றான் கத்திரி மினோரு.