பரிசோடு வந்த ஐந்து வருஷம்

நாடு முழுவதிலும் வேதியியலில் ஒருவர், இயற்பியலில் ஒருவர் என்று ஆண்டுக்கு இரண்டே பேருக்குத்தான் அந்த இளம் விஞ்ஞானி பரிசு. முப்பத்தைந்து வயது தாண்டினால் கிடையாது. அவளுக்கு அந்த வயது முடிய நாற்பது நாள் இருந்தபோது கடிதம் வந்தது. கிணற்று நீரிலுள்ள நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு படிகத்துக்காக ஒன்பது வருஷம் அவள் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாள்.

ஆய்வகமே அவளைச் சூழ்ந்துகொண்டது. குடுவை கழுவும் அக்கா ஈரக்கையோடு வந்து கட்டிக்கொண்டாள். எல்லோருக்கும் சிரித்துவிட்டு, தராசு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். பரிசுப் பணம் ஆராய்ச்சியைத் தொடரத்தான் என்பதால், பெறுபவர் ஐந்து வருஷம் இதே ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

கணவன் பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தான். ஏழு வயது மகளும் அவனோடுதான். இந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாக மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பரிசு வேண்டாமென்று கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கணவனிடம் போனில் சொன்னாள். அவன் அன்று சாயங்காலமே ரயிலேறினான். மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு ஆய்வக வாசலில் வந்து நின்றான்.

"நீங்க இங்க வந்துடக் கூடாதா?" என்று உள்ளே கூட்டிவந்ததும் கேட்டாள்.

"கேக்காத காலேஜ் இல்ல. எங்கயும் இடமில்ல." பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "நீ இதை விட்டுட்டு வந்தா எங்களோட உக்காந்து சாப்பிடுவ, சிரிப்ப. மனசு மட்டும் இங்கயே கிடக்கும். பாதி ஆளை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

மகள் அதற்குள் முக்காலியில் ஏறி நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தாள். நீலப் படிகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுதான் உன்னை விடமாட்டேங்குதாம்மா?"

அவள் குனிந்து, படிகம் இன்னும் தெளிவாகத் தெரியும்படி நுண்ணோக்கியைத் திருகிக் கொடுத்தாள். எழுதிய கடிதத்தைச் சாயங்காலம் கிழித்துப் போட்டாள்.

விழா நாளில் பெயரைக் கூப்பிட்டார்கள், போனாள், வாங்கினாள். முன்வரிசையில் மகள் கை சிவக்கத் தட்டியது தெரிந்தது. அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்பது அவள் காதில் ஏறவே இல்லை. அன்று சாயங்காலமே அவர்களுக்கு ரயில்.

ஸ்டேஷன் போகும் வழியிலேயே மகள் தூங்கிவிட்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா படிகளில் ஏறினாள். ஏழு வயதுப் பிள்ளையின் கனத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று.

"கொடு, நான் தூக்கிக்கறேன்" என்றான் கணவன்.

அவள் கொடுக்கவில்லை. ஐந்து வருஷம் போனால் இவளுக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை யாரும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதில்லை. வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. அவள் உட்காராமல், பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.