மூன்றாம் எண் கூண்டு

என் மனைவி எழிலரசி மங்கலம்பேட்டைக்காரி. மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள், சிதம்பரத்தில் புள்ளியியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் கடலைச் சரியாகப் பார்த்தது கூடக் கிடையாது. அப்படிப்பட்டவள் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கடை வைத்திருக்கும் எங்கள் குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

சுகாதாரத் துறையில் அவளுக்கு நோய்க் கணிப்பு வேலை. எந்தக் காய்ச்சல் எப்போது எவ்வளவு பரவும் என்று கணக்குப் போட்டு, ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். கொரோனாவில் புது ரகம் ஒன்று வருகிறது என்று கணிப்பு வந்தபோது, அவள் லேப்டாப்பில் கோடுகள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன. இதில் எதுதான் நடக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரியாததைச் சொல்லவா சம்பளம் என்று வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேல் கோட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும், கீழ்க் கோடு வந்தால் சந்தோஷப்பட வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அவள் கவலையெல்லாம் என் அப்பா கண்ணாயிரத்தைப் பற்றித்தான். இரண்டாம் அலையில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தவர். இன்னும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். இன்னொரு முறை வந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனுஷர் விடிந்தால் துறைமுகக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார்.

எழிலரசி துறைமுக வாசலில் ஒரு போர்டு வைத்தாள். 'நோய் எச்சரிக்கை எண் 3' என்று சிவப்பில் பெரிதாக இருந்தது. முகக்கவசம் போடுங்கள், தடுப்பூசி முகாமுக்கு வாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. ஒருவரும் சட்டை செய்யவில்லை. முகாமில் நர்ஸம்மா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமும் அப்பா வெறும் முகத்தோடு வீட்டுக்கு வந்தார். எழிலரசிக்குப் பொங்கிவிட்டது. உயிர்மேல் ஆசையே இல்லையா என்று கேட்டுவிட்டாள். அப்பா நிதானமாகக் கை கழுவினார்.

"மூணுதான ஏத்தியிருக்க. மூணுக்கெல்லாம் எவன்மா பயப்படுவான்?"

அவள் விழித்தாள். எனக்கு விளங்கிவிட்டது, சிரிப்பை அடக்க முடியவில்லை. புயல் வந்தால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். மூன்று என்றால் கொஞ்சம் காற்றும் மழையும். எட்டைத் தாண்டினால்தான் படகைக் கரையேற்றுவார்கள். பத்து ஏறினால் ஊரே காலி. கூண்டு நம்பரைக் கேட்டே வளர்ந்த சனம், இவள் போர்டையும் கூண்டாகவே படித்திருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போன என் மரமண்டைக்கும் அது உறைக்கவில்லை.

"எங்கிட்ட மூணுக்கு மேல நம்பரே இல்ல மாமா" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா துண்டில் கையைத் துடைத்தார். அத மொதல்லயே சொல்றதுக்கென்ன என்று முனகினார்.

மறுநாள் காலையில் போர்டில் பத்து ஏறியது. முகாமில் முதல் ஆளாக அப்பா போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. எங்கள் வாடிக்கைக்காரர் ஆண்டி மட்டும் படகைக் கரையேற்ற ஓடிவிட்டார். காய்ச்சல் படகுக்கு வராது என்று சொல்லிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

காய்ச்சல் வந்தது. சிதம்பரம், கீரப்பாளையம் பக்கமெல்லாம் நிறையப் பேர் படுத்தார்கள். துறைமுகத்தில் சிலர் படுத்து எழுந்தார்கள். அப்பாவுக்கு ஒரு தும்மல் கூட இல்லை. துறைமுகத்தைப் பொறுத்தவரை கீழ்க் கோடுதான் வந்திருந்தது. ஆனாலும் எழிலரசிக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பத்து போட்டும் ஒன்றும் வரவில்லையே, அடுத்த முறை யார் என்னை நம்புவார்கள் என்று மருகிக்கொண்டிருந்தாள்.

கடையில் ஒருவன் அதையே கேட்டும் விட்டான். பத்து ஏத்துனாங்களே, என்னத்த வந்துச்சு என்றான். அப்பா ஐஸ் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"புயல் தெச மாறிப் போனா கூண்டு ஏத்துனவனையா திட்டுவ? படகு பத்திரமா இருக்குல்ல. போய் வேலையப் பாரு."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். எழிலரசி நம்பாமல் மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை அவள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கடையிலிருந்து அப்பா போன் செய்தார். முகக்கவசத்துக்குள்ளிருந்து குரல் அமுங்கிக் கேட்டது.

"எழிலு, கூண்ட எப்ப எறக்குவ? எல்லாரும் கேக்குறாங்க. நீ எறக்காம ஒருத்தனும் மாஸ்க்க கழட்ட மாட்டேங்குறான்."

அவள் லேப்டாப்பைத் திறந்து கோடுகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் ஆவட்டும் மாமா."

"சரிம்மா. நீ பாத்து சொல்லு" என்றார் அப்பா.